ஃபேனை நிறுத்திவிட்டு ரெக்கார்டை அழுத்துங்கள்: வீட்டு ஒலிப்பதிவு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்வது பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். மென்பொருள் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் ஆடாசிட்டி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கேரேஜ்பேண்ட் இருக்கிறது. பாட்டுக்கு அது நல்ல வசதி. பேச்சை வெட்டி ஒட்ட ஆடாசிட்டிதான் சுலபம்.

கேள்வி: சிறுவர் கதைகளை என் குரலில் பதிந்து பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப ஆசை. லேப்டாப் இருக்கிறது. 150 வெள்ளிக்குள் என்னென்ன வாங்கலாம்? கடைக்குக் கடை ஒன்று சொல்கிறார்கள்.
– தோ பாயோ வாசகி

பதில்: மூன்று பொருள் போதும்: யுஎஸ்பி மைக், ஒயர் உள்ள ஹெட்ஃபோன், மைக்குக்கு முன்னால் வைக்கும் காற்றுத் தடுப்பான பாப் ஃபில்டர்.

மைக்கில் இரண்டு வகை. கண்டென்சர் மெல்லிய ஒலியைக்கூட விடாது. உங்கள் குரலோடு பக்கத்து அறையின் சலவை இயந்திரத்தையும் சேர்த்தே எடுக்கும். டைனமிக் அவ்வளவு கூர்மையானதல்ல. வாயருகே வைத்துப் பேசினால் குரலை நன்றாக எடுத்துக்கொண்டு அறையைப் பெரும்பாலும் விட்டுவிடும். அடுக்குமாடி வீட்டுக்கு எங்கள் ஓட்டு டைனமிக்குக்கே. சாம்சன் கியூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றில் யுஎஸ்பியும், ஒலிப்பதிவுக் கருவிகளுக்கான மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் சேர்ந்தே இருக்கும். இப்போது லேப்டாப்பில் நேரே செருகலாம். பிறகு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அதே மைக்கை அதிலும் போடலாம். மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது ஏன் என்று புக்கிட் பாத்தோக் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம்.

புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக்கை இயக்கியதும் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். 'ஸ', 'ஷ' எல்லாம் மங்கிப் போகும்.

டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டரில் வையுங்கள். கண்டென்சர் என்றால் 15 முதல் 20. நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால், 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதாது. தமிழ் 'ப'வில் ஆங்கிலத்தின் அளவுக்குக் காற்று வெடிப்பதில்லை. ஆனாலும் கதை சொல்லும் வேகத்தில் 'படார்', 'பளார்' என்று வரத்தானே செய்யும்? அதற்குத்தான் பாப் ஃபில்டர்.

கேள்வி: ஆடாசிட்டியைத் திறந்தாலே மிரட்சியாக இருக்கிறது. முதல் பதிவை எப்படி எடுப்பது? ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், குரல் இடது காதில் மட்டும் கேட்டது.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: இடது காதுக் கோளாறு ஸ்டீரியோவால் வருவது. இருப்பது ஒரு மைக், அதை இரண்டு சேனலாகப் பதிந்தால் ஒன்று காலியாகக் கிடக்கும். எடுத்ததை வீசிவிட வேண்டாம். டிராக் பெயரருகே உள்ள மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்துக் காலி டிராக்கை அழித்துவிட்டால் சரியாகிவிடும். இனி எடுப்பதை மோனோவில் எடுங்கள்.

மைக்கைச் செருகிய பிறகே ஆடாசிட்டியைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு செருகினால் அதற்கு மைக் இருப்பது தெரியாது. ஆடியோ செட்டப் பொத்தானில் 'ரீஸ்கேன்' கொடுக்க வேண்டியிருக்கும். அதே பொத்தானில் ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 200 வெள்ளி மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு லேப்டாப்பின் உள் மைக்கில் பதிந்துகொண்டிருப்பார்கள். மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மீட்டர் துள்ளினால் சரியான மைக். ரெக்கார்டிங் சேனல்ஸ் 1, அதாவது மோனோ. சாம்பிள் ரேட் 44,100 ஹெர்ட்ஸ். வீடியோவோடு சேர்ப்பதாக இருந்தால் 48,000.

அலை வராமல் கோடு தட்டையாகவே ஓடினால் அது பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். விண்டோஸிலும் மேக்கிலும் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் என்ற இடத்துக்குப் போய் ஆடாசிட்டிக்கு (விண்டோஸில் 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' எல்லாவற்றுக்கும் சேர்த்து) அனுமதி கொடுங்கள். விண்டோஸில் மைக்கின் ஒலி அமைப்பில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பேசாத இடைவெளியில் ஒலியைத் தானே ஏற்றி, பேசத் தொடங்கியதும் இறக்கும். பதிவு மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். வீடியோ கூட்டச் செயலிகளும் மைக்கின் அளவைத் தாமாக மாற்றக்கூடியவை. அவற்றை மூடிவிட்டு உட்காருங்கள்.

இனி அளவு. ரெக்கார்டிங் மீட்டரைச் சொடுக்கினால் பதியாமலே அளவைக் காட்டும். கதையில் எந்த இடத்தில் அதிகம் கத்துவீர்களோ அதை அதே சத்தத்தில் சொல்லிப் பாருங்கள். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். 0 என்பது கூரை. அதற்கு மேல் போன அலையின் தலை வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. 'அளவு நிரம்ப வரட்டும்' என்று 0-வை ஒட்டி வைப்பது தேவையில்லாத ஆசை.

ஆர் விசையை அழுத்தினால் பதிவு தொடங்கும். முதல் பத்து வினாடி பேசாமல், அசையாமல் இருங்கள். அந்த வெற்று ஒலி பின்னால் இரண்டு வேலைக்கு உதவும். தவறு செய்தால் நிறுத்த வேண்டாம். ஒருமுறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். கைதட்டல் திரையில் ஊசிபோல நிற்கும். வெட்ட வேண்டிய இடத்தைத் தேடி முழுதும் கேட்க வேண்டியதில்லை. ஸ்பேஸ் விசை நிறுத்தும். மறுபடி ஆர் அழுத்தினால் அதே டிராக்கின் முடிவிலிருந்து தொடரும். ஷிஃப்ட்டும் ஆரும் சேர்ந்தால் புது டிராக்.

வெட்டும்போது தேர்ந்தெடுத்த பகுதியின் மீது இசட் விசையை ஒருமுறை அழுத்துங்கள். இரு ஓரங்களும் அலை 0-வைக் கடக்கும் புள்ளிக்கு நகரும். ஒட்டில் 'டிக்' என்ற சத்தம் வராது. இருமலை நீக்கிய இடத்தில் வெறும் நிசப்தத்தை வைக்காதீர்கள். அறையின் மெல்லிய இரைச்சல் திடீரென்று நின்றால் காது உடனே கண்டுகொள்ளும். முதல் பத்து வினாடியிலிருந்து தேவையான துண்டை நகல் எடுத்து அங்கே ஒட்டுங்கள். அந்தப் பத்து வினாடியின் ஒரு வேலை இது. மற்றது ஈசூன் வாசகரின் கேள்வியில் வருகிறது.

'சேவ் புராஜெக்ட்' கொடுத்தால் உருவாகும் ஏயுபி3 கோப்பு ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் திறக்கவில்லை என்று எழுதும் வாசகர்கள் உண்டு. மற்றவர்கள் கேட்க 'எக்ஸ்போர்ட் ஆடியோ' கொடுக்க வேண்டும். சேமித்து வைக்க வேவ், அனுப்ப எம்பி3. பேச்சு மட்டும் என்றால் மோனோவில் 64 கிலோபிட் போதும், 20 நிமிடக் கதை பத்து மெகாபைட்டுக்குள் அடங்கும்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாம் ஷெல்டர் என்ற காப்பறைதான் மிக அமைதியான இடம். அதற்குள் பதிந்தால் கிணற்றுக்குள் பேசுவது போல வருகிறது. மைக் கோளாறா?
– செங்காங் வாசகர்

பதில்: மைக் மீது பழி போடாதீர்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு குணம், உள்ளே எழும் சத்தத்தை உறிஞ்சுவது வேறு குணம். ஷெல்டரின் தடித்த கான்கிரீட்டும் எஃகுக் கதவும் முதலாவதைப் பிரமாதமாகச் செய்யும். இரண்டாவதைச் செய்யவே செய்யாது. உங்கள் குரல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பத் திரும்ப மைக்குக்கே வருகிறது.

அறை சிறியதாக இருப்பது இன்னொரு தொல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்றால், அந்த இடைவெளி சுமார் 115 ஹெர்ட்ஸ் ஒலியைத் தாங்கிப் பிடித்து ஊதிக் காட்டும். ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் உலவுவது அந்தப் பகுதியில்தான். அதனால்தான் சில சொற்கள் மட்டும் 'பூம்' என்று வீங்கி வருகின்றன.

மெல்லிய ஸ்பாஞ்சுத் தகடுகளை வாங்கி ஒட்டலாமா என்று கேட்பீர்கள். இரண்டரை சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு மேல் ஒலிகளை மட்டும் விழுங்கும். 115 ஹெர்ட்ஸை அது தொடக்கூடத் தொடாது. விளைவு, குரல் மங்கலாகவும் 'பூம்' அப்படியேயும் இருக்கும். ஷெல்டர் சுவரில் எதை ஒட்டலாம், எங்கே துளையிடலாம் என்பதற்கு சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளும் உண்டு. ஒட்டிவிட்டுப் பிறகு பிய்த்தெடுக்கும் வேலை வேண்டாம்.

படுக்கையறைக்கு மாறுங்கள். மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். பலர் அலமாரியைப் பார்த்துப் பேசுகிறார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியாய்ட் வகை மைக் கேட்பது உங்கள் பக்கத்தை, அதாவது உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்து. ஆகவே துணிகள் அங்கேதான் இருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை நிறுத்தி அவற்றின் மீது கனமான போர்வையைப் போடுங்கள். மேசைமேல் மடித்த துண்டு ஒன்று. இருக்கப்போகும் இடத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'ட்ரிங்' என்று வால் நீளாமல் 'டப்' என்று முடிந்தால் அறை தயார்.

இதே மைக்கின் முதுகுப் பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. லேப்டாப்பின் காற்றாடி, சன்னல் போன்றவை அந்தப் பக்கம் வருமாறு மைக்கைத் திருப்பி வையுங்கள்.

ஃபேனும் ஏர்கானும் பதியும்போது ஓடக் கூடாது. நம் ஊர் வெக்கையில் இது கொடுமைதான். அரை மணி நேரம் முன்பே ஏர்கானை நன்றாக ஓடவிட்டு அறையைக் குளிரவைத்து, பிறகு நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். நேரமும் முக்கியம். வீவக வீடுகளில் துளையிடுவது, உடைப்பது போன்ற அதிகச் சத்தமான புதுப்பிப்பு வேலைக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை எந்தப் புதுப்பிப்பு வேலைக்கும் அனுமதி இல்லை. அதிகாலை அமைதி என்று நினைத்தால் குயில் விடாது. பல பேட்டைகளில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

கேள்வி: நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் இரைச்சல் போகிறது, ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிறது.
– ஈசூன் வாசகர்

பதில்: மருந்து அதிகமாகிவிட்டது. முதலில் பத்து வினாடி வெற்று ஒலியைத் தேர்ந்தெடுத்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுங்கள். பிறகு முழு டிராக்கையும் தேர்ந்தெடுத்துக் குறைப்பு அளவை 6 முதல் 9 டெசிபலுக்குள் வைத்துச் செலுத்துங்கள். 20, 24 என்று வைத்தால் மென்பொருள் குரலின் மெல்லிய பகுதிகளையும் இரைச்சல் என்று எண்ணித் துளைபோடும். அந்தத் துளைகள்தான் தண்ணீர்ச் சத்தம். எவ்வளவு குரல் பறிபோகிறது என்று அறிய, அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்பதைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டம் கேளுங்கள். நீக்கப்படுவது மட்டும் கேட்கும். அதில் சொற்கள் புரிந்தால் அளவைக் குறையுங்கள்.

வரிசையும் மாறக் கூடாது. முதலில் ஹைபாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழான ஒலியைக் குறைக்க. மேசை அதிர்வு, சாலை உறுமல் எல்லாம் அதிலேயே போய்விடும். அடுத்து நாய்ஸ் ரிடக்ஷன். அதற்குப் பிறகே கம்ப்ரஸர் (சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), கடைசியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் (மொத்தச் சத்தத்தை ஒரு குறித்த அளவுக்குக் கொண்டுவருவது). கம்ப்ரஸரை முன்னால் போட்டால் இரைச்சல் ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் இருக்கும், எடுத்த புரொஃபைல் பொருந்தாது. போட்காஸ்ட் போடுபவர்கள் லவுட்னஸை மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்று வையுங்கள்; ஆப்பிள் பரிந்துரைப்பது அதைத்தான்.

ஒன்று: இந்தக் கருவி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு மட்டும். மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இதில் வழி இல்லை. அந்த வரியை மறுபடி சொல்வதே நல்லது.

கேள்வி: தம்புரா டிராக்கை ஓடவிட்டு மகள் பாடுகிறாள். மிருதங்க டிராக் ஒன்றும் உண்டு. பதிந்த பிறகு கேட்டால் தாளத்துக்குப் பின்னால் பாடியது போல இருக்கிறது. அவள் சரியாகத்தான் பாடினாள்.
– புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: நம்புகிறோம். தாமதிப்பது கணினி. ஒலி வெளியே போகவும், பாட்டு உள்ளே வரவும் அது எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஆடாசிட்டி இதை ஈடுகட்டப் பதிந்த டிராக்கைத் தானே கொஞ்சம் முன்னால் நகர்த்தும். தொடக்கத்தில் இருக்கும் அளவு மைனஸ் 130 மில்லிவினாடி. உங்கள் கணினிக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை.

அளந்துவிடலாம். ஜெனரேட் மெனுவில் 'ரிதம் டிராக்' ஒன்றை உருவாக்குங்கள். ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கின் வாயில் ஒட்டிப் பிடித்து, அதைப் புது டிராக்கில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மூல 'டிக்'குக்கும் பதிந்த 'டிக்'குக்கும் உள்ள இடைவெளி தெரியும். 60 மில்லிவினாடி பின்தங்கினால் பிரிஃபரன்ஸஸில், ஆடியோ அமைப்பில் உள்ள 'லேட்டன்ஸி காம்பன்ஸேஷன்' அளவை மைனஸ் 190 ஆக்குங்கள். 40 முந்தினால் மைனஸ் 90. ஏற்கெனவே பதிந்த பாட்டை மறுபடி பாட வேண்டியதில்லை. கிளிப்பின் மேல்பட்டையைப் பிடித்து இழுத்தால் நகரும்.

பாடும்போது தன் குரலை மகள் கேட்பது மைக்கிலேயே உள்ள ஹெட்ஃபோன் துளை வழியாக இருக்கட்டும். அந்த ஒலி கணினிக்குள் போய்வராததால் தாமதம் இல்லை. மென்பொருள் வழியாகத் தன் குரலைப் பின்தங்கிக் கேட்டால் நல்ல பாடகிகூடத் தடுமாறுவார். புளூடூத் ஹெட்ஃபோன் இங்கே உதவவே உதவாது.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் நோய் வேறு. யுஎஸ்பி மைக்கில் பதிந்து லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் கேட்டால், இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசமே இருந்தாலும் ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 15 மில்லிவினாடி தள்ளிப்போகும். அரை மணிக் கச்சேரியில் 90. கேட்பதும் பதிவதும் ஒரே கருவியில் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

தம்புராவைக் கைபேசியில் அறைக்குள் ஒலிக்கவிட்டுக் குரலோடு சேர்த்துப் பதியாதீர்கள். பிறகு குரலை வெட்டும் இடமெல்லாம் தம்புராவும் வெட்டுப்படும்.

கேள்வி: பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் அடிநாதம். இரவில் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.
– தெம்பனிஸ் வாசகி

பதில்: மின்சார உறுமல், நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளான 100, 150-உம் கேட்கும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டுப் பதியுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். இனிப் பதியும்போதெல்லாம் கழற்றிவிடுங்கள். இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், லேப்டாப் மூன்றும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் ஒரே நீட்டிப்புப் பலகைக்கு மாற்றுங்கள். உறுமலை நிறுத்த எர்த் முள்ளைத் துண்டிக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். 230 வோல்ட், உயிர் போகும்.

உறுமலாக இல்லாமல் 'கீ' என்று மெல்லிய ஊளையாக இருந்தால் அது யுஎஸ்பி வழியாக வருவது. வேறு துளையில், குட்டைக் கேபிளில் போட்டுப் பாருங்கள். பதிந்துவிட்ட உறுமலுக்கு, ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் 'நாட்ச் ஃபில்டர்' உண்டு. அதில் 60 என்று இருந்தால் 50 ஆக்குங்கள், 60 அமெரிக்க மின்சாரத்துக்கு. கைபேசி அழைப்பு வரும்முன் ஸ்பீக்கரில் கேட்ட 'டிட்டிடிட்' சத்தத்துக்குச் சிலர் இன்னும் பயப்படுகிறார்கள். அது 2ஜி காலத்துச் சங்கதி. இங்கே 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது.

கேள்வி: கண்டென்சர் மைக்கில் அவ்வப்போது 'பட் பட்' என்று பொரிகிறது. மழை நாட்களில் அதிகம்.
– பொங்கோல் வாசகர்

பதில்: ஈரம். அந்த மைக்கின் உள்ளே மின்னேற்றம் கொண்ட மெல்லிய சவ்வு இருக்கிறது. ஈரக் காற்றில் அந்த மின்னேற்றம் கசியும்போது பொரியும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருந்தால் இதையும் உள்ளே போடலாம். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்ததும் இயக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரமான ஃபான்டம் பவர் 48 வோல்ட்டை அணைத்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள்.

கேள்வி: என் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷார் காலத்தில் வேலை பார்த்தவர். அவர் நினைவுகளைப் பதிந்துவைக்க வேண்டும். வயதானவர், நீண்ட நேரம் உட்கார மாட்டார்.
– செம்பவாங் வாசகி

பதில்: அவரை மைக்குக்குப் பழக்க முயலாதீர்கள், மைக்கை அவருக்கு ஏற்றபடி வையுங்கள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியே சரி. நெஞ்சுக்கு மேலே, 20 முதல் 30 சென்டிமீட்டரில், ஸ்டாண்டில் நிற்கட்டும். மேசைமேல் வைத்தால் அவர் பேச்சினிடையே தட்டும் தட்டெல்லாம் இடிபோல விழும். வயதானவர்கள் வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்குவார்கள். சத்தமாகச் சொல்லும் இடத்தை மட்டும் வைத்து அளவு பார்க்காமல் அந்த இறங்கும் இடத்தையும் கேட்டுப் பாருங்கள், உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையிலேயே நிற்கட்டும். நீங்கள் 'ம்', 'ஓ' என்று சொல்வதற்குப் பதில் தலையை ஆட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் சொல் மீது உங்கள் சொல் ஏறிவிடும்.

ஒரு நாளைக்கு 40 நிமிடம் போதும். லேப்டாப் தூங்கிவிடாமல் ஸ்லீப்பை அணையுங்கள். உங்கள் கைபேசியை விமான நிலையில் போட்டு இரண்டாவது பதிவாக ஓடவிடுங்கள். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். மோனோவில், 44,100 ஹெர்ட்ஸில், 16 பிட் வேவ் என்றால் நிமிடத்துக்கு ஐந்து மெகாபைட்டுக்குச் சற்று மேல், 40 நிமிடத்துக்கு 210 அளவில் வரும். இன்றைய வட்டுக்கு அது ஒன்றுமில்லை. எம்பி3 ஆக்கி இடம் மிச்சப்படுத்த வேண்டாம். இரைச்சல் நீக்குவது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்பைத் தொடவே கூடாது. லேப்டாப்பில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, அண்ணன் தம்பி வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கும் விதம் பழக, சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். 1979-இல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்றால் 'நன்றாக இருந்தது' என்றுதான் பதில் வரும். காலையில் தளத்தின் எந்த வாசல் வழியாகப் போவார், சம்பளம் எப்படிக் கையில் வந்தது, மதியச் சாப்பாடு எங்கே என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆள்பெயர், இடப்பெயர்களை அன்றைக்கே எழுதி, கோப்புக்கு ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் பெயர் வையுங்கள். 'அப்பா கடைசி புதுசு 2' என்று வைத்தால் அடுத்த பொங்கலுக்குள் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.